நல்லதும் கெட்டதும் கடவுளைப் பத்தி ஏதாவது சாட்சி சொல்லுதா?

முதல்ல நீங்க கேட்டதை நான் எப்படி புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன். உங்க ஃபிரண்ட் ஒருத்தர் "பச்சக்குழந்தைக்கு கேன்சர் வருது, கடவுள் இல்லைன்னு சொல்ல இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்"னு கேக்கறார். இன்னொருத்தர் "இவ்ளோ கொடுமைக்கு நடுவுலயும் முன்னபின்ன தெரியாத ஆளுக்காக ஒருத்தன் உயிரைக் குடுக்கறானே, அது எங்கேருந்து வருது"ங்கறார். யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில நீங்க கேட்டிருக்கறதுதான் நிஜமான கேள்வி: இதையெல்லாம் ஆதாரம்னு எடுத்துக்கவே முடியுமா, இல்ல ரெண்டு பேரும் மனசுல ஏற்கனவே முடிவு பண்ணினதை உலகத்து மேல ஏத்திப் பாக்கறாங்களா?

நான் பல வருஷமா லாஜிக்கும் தத்துவமும் பாடம் எடுத்துட்டு வர்றவன். இந்த கேள்வி ஒவ்வொரு வருஷமும் வகுப்புல வரும். வரும்போதெல்லாம் மூணு கேள்வி ஒண்ணா பின்னிக்கிட்டு வரும். "கடவுள் ஏன் இதை விட்டு வைக்கறார்"ங்கறது ஒண்ணு, அது காரணம் கேக்கற கேள்வி. "இந்த வலியை நான் எப்படி தாங்கறது"ங்கறது இன்னொண்ணு, அது ஆறுதல் தேடற கேள்வி. மூணாவதுதான் உங்களோடது, ஆதாரம் பத்தினது. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு சொல்றதாலதான் இந்த விவாதத்துல பாதி சண்டையே வருது. நான் மூணாவதுலயே நிக்கறேன். என் பதில், ஆமா, ரெண்டுமே ஆதாரம்தான், ஆனா எதுவும் நிரூபணம் இல்ல, அப்புறம் ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னொண்ணை தள்ளி வைக்கற உரிமை யாருக்கும் கிடையாது. இந்த கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, அதனால அதுக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கப் போறேன்.

ஆதாரம்னா என்ன? ஒரு ஆளுக்கு காய்ச்சல்னா அவருக்கு மலேரியான்னு நிரூபணம் ஆயிடாது. ஆனா மலேரியா இருந்தா காய்ச்சல் வர வாய்ப்பு ரொம்ப அதிகம், உடம்புல ஒண்ணுமே இல்லாதவருக்கு வர வாய்ப்பு ரொம்ப கம்மி, அதனால காய்ச்சல் மலேரியாவுக்கு ஒரு ஆதாரம். அவ்வளவுதான். ஒரு விஷயம் ஒரு கருத்துக்கு ஆதாரமாங்கறதை அந்த கருத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது, எதிர்ல நிக்கற இன்னொரு கருத்து என்னன்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும். "இது உண்மையா இருந்தா இப்படி நடக்க எவ்ளோ வாய்ப்பு, அது உண்மையா இருந்தா எவ்ளோ வாய்ப்பு"ன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கணும். இதை கணக்கா பண்ற வழியை கண்டுபிடிச்சவர் தாமஸ் பேயஸ், அவரே ஒரு கிறிஸ்தவ போதகர், அவர் செத்ததுக்கு அப்புறம் 1763ல அவரோட ஃபிரண்ட் ரிச்சர்ட் பிரைஸ் மூலமா அந்த கட்டுரை அச்சுக்கு வந்துச்சு, பிரைஸும் போதகர்தான்.

சும்மா ஒரு கணக்கு போட்டு பாப்போம், நம்பர் எல்லாம் நான் உதாரணத்துக்கு வச்சது. நீங்க பாக்கற ஒரு சம்பவம், ஒரு கருத்து உண்மையா இருந்தா நூத்துக்கு 80 வாய்ப்பு, எதிர்க்கருத்து உண்மையா இருந்தா நூத்துக்கு 20 வாய்ப்புன்னு வச்சுக்கோங்க. அப்போ அந்த ஆதாரத்தோட எடை 4 மடங்கு. ஆரம்பத்துல ரெண்டும் சரிசமம்னு நினைச்சிருந்த ஆள் இப்போ 80 சதவீதத்துக்கு வந்துடுவார். ஆனா ஆரம்பத்துலயே 100க்கு 1ங்கற விகிதத்துலதான் அந்த கருத்தை நம்பியிருந்தவர், அதே ஆதாரத்தை அதே மாதிரி நேர்மையா எடுத்துக்கிட்டாலும் 4 சதவீதத்தைக்கூட தொட மாட்டார். உங்க ரெண்டு ஃபிரண்டும் ஒரே உலகத்தை பாத்துட்டு வேற வேற இடத்துல நிக்கறதுக்கு இதுவே போதும். ரெண்டு பேர்ல ஒருத்தர் முட்டாளா இருக்கணும்னு அவசியமே இல்ல.

இப்போ கெட்டது பக்கம் வருவோம். இந்த வாதம் ரொம்ப பழசு. கடவுளுக்கு கெட்டதை தடுக்க மனசு இருந்து சக்தி இல்லையா, சக்தி இருந்து மனசு இல்லையா, ரெண்டும் இருந்தா கெட்டது எங்கேருந்து வந்துச்சுங்கற கேள்வியை எபிகியூரஸ்ங்கற பழைய கிரேக்க தத்துவக்காரர் கேட்டதா லாக்டான்ஷியஸ்ங்கற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார், 18ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து தத்துவக்காரர் டேவிட் ஹியூமும் அதை எபிகியூரஸ் பேர்லதான் திரும்ப எடுத்தார். 1955ல ஜே. எல். மாக்கிங்கற நாத்திக தத்துவக்காரர் அதை கூர் தீட்டி, எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் கெட்டதும் ஒண்ணா இருக்கறது நேரடி முரண்பாடுன்னு வாதம் பண்ணினார். அந்த வடிவம் பெருசா நிக்கலை. ஆல்வின் பிளான்டிங்காங்கற கிறிஸ்தவ தத்துவக்காரர் 1974ல குடுத்த பதில் என்னன்னா, கடவுள் கெட்டதை அனுமதிக்க ஒரு நியாயமான காரணம் இருக்க *முடியும்*னாலே போதும், முரண்பாடு போயிடுது, உதாரணத்துக்கு நிஜமான சுதந்திரம் உள்ள மனுஷங்களை படைக்கணும்னா அவங்க தப்பு பண்ற சாத்தியத்தையும் விட்டு வைக்கணும். இதுல சின்னச் சின்ன சச்சரவு இன்னும் ஓடிட்டிருக்கு, ஆனா "கெட்டது இருக்கு, அதனால கடவுள் இல்லைங்கறது லாஜிக்படி நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இந்த துறையில இருக்கற நாத்திகர்கள்லயே பெரும்பாலானவங்க இப்போ அப்படி சொல்றதில்ல.

ஆனா முரண்பாடு இல்லைன்னு காட்டிட்டதால ஆதாரமும் இல்லைன்னு ஆயிடாது. இங்கதான் நிறைய பக்தர்கள் சீக்கிரமா நிம்மதி ஆயிடறாங்க. 1979ல வில்லியம் ரோங்கற தத்துவக்காரர் ஒரு உதாரணம் குடுத்தார். எங்கயோ ஆளில்லாத காடு, மின்னல் விழுந்து தீப்பிடிக்குது, அதுல ஒரு மான்குட்டி மாட்டிக்கிட்டு உடம்பெல்லாம் வெந்து, பல நாள் துடிச்சு அப்புறம் செத்துப் போகுது. இதுல யாரோட சுதந்திரமும் இல்ல, யாரும் தப்பு பண்ணலை, பாத்து பாடம் கத்துக்க ஒரு ஆளும் இல்ல. அந்த கடைசி நாட்கள்ல அது பட்ட வலி யாருக்கு என்ன நல்லது பண்ணுச்சு? நமக்கு எட்டின வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அதனால அப்படி ஒரு நல்லது அனேகமா இல்லவே இல்லைங்கறது ரோவோட வாதம். வகுப்புல நான் இதை சொல்லும்போது கடவுள் நம்பிக்கை உள்ள பசங்கதான் முதல்ல அமைதி ஆவாங்க, ஏன்னா வழக்கமா கையில வச்சிருக்கற பதில்ல ஒண்ணுகூட அந்த மானுக்கு பொருந்தாது.

இதுக்கு வந்த நல்ல பதில் 1984ல ஸ்டீபன் விக்ஸ்ட்ராங்கற தத்துவக்காரர் குடுத்தது. ஒரு விஷயம் கண்ணுக்கு தெரியலைங்கறதை வச்சு அது இல்லைன்னு சொல்லணும்னா, இருந்திருந்தா நம்ம கண்ணுக்கு தெரிஞ்சிருக்கும்னு எதிர்பாக்க நியாயம் இருக்கணும். எல்லாம் தெரிஞ்ச ஒரு கடவுளோட காரணங்கள் நம்ம புத்திக்கு எட்டும்னு எதிர்பாக்க என்ன நியாயம்? ஒண்ணும் இல்ல. அதனால "காரணம் தெரியலை"ங்கறதுலேருந்து "காரணம் இல்லை"ங்கறதுக்கு தாவ முடியாது. இது சாதாரண பதில் இல்ல, இதுல நிஜமான பலம் இருக்கு, பெரியவங்க "அவன் கணக்கு நமக்கு தெரியாது"ன்னு சொல்றதோட சரியான வடிவம் இதுதான்.

ஆனா இந்த பதிலுக்கு ஒரு விலை இருக்கு, அதை குடுக்க ரொம்ப பேர் தயாரா இல்ல. கடவுளோட காரணங்கள் நமக்கு எட்டாதுன்னா, அது கெட்டதுக்கு மட்டும் எப்படி எட்டாம போகும்? ஒரு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா "கடவுள் காப்பாத்தினார், பாரு அவர் இருக்கார்"னு சொல்ற ஆள், அதே ஆபரேஷன்ல பக்கத்து பெட்காரர் செத்துப் போனா "அவர் கணக்கு நமக்கு தெரியாது"ங்கறார். கணக்கு தெரியாதுன்னா முதல் ஆள் பொழைச்சது எந்த கணக்குன்னும் தெரியாது, அது பெரிய சோதனைக்கு முன்னாடி குடுத்த இடைவேளையாக்கூட இருக்கலாம், யார் கண்டா? ஆக ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கணும். ஒண்ணு, உலகத்துல நடக்கறதை வச்சு கடவுளைப் பத்தி ஏதோ படிக்க முடியும், அப்போ நல்லதும் கெட்டதும் ரெண்டும் கணக்குல வரும். இல்லைன்னா படிக்கவே முடியாது, அப்போ கெட்டது எதிர் சாட்சி ஆகாது, ஆனா நல்லதும் சாதக சாட்சி ஆகாது. பாதி மட்டும் படிக்க முடியும்ங்கறதுக்கு தனியா ஒரு காரணம் காட்டணும், அப்படி திருப்தியா யாரும் காட்டி நான் பாக்கலை.

இந்த ஒருபக்க கணக்கை சிசரோங்கற பழைய ரோம எழுத்தாளர் ஒரு கதையில பிடிச்சு வச்சிருக்கார். டயகோரஸ்னு ஒரு கிரேக்கர், கடவுள்களை நம்பாதவர்னு பேர் எடுத்தவர். ஒரு கோயில்ல, கடல்ல புயல்ல சிக்கி வேண்டிக்கிட்டு பொழைச்சு வந்தவங்க காணிக்கையா வச்ச படங்களை காட்டி, இத்தனை பேர் தப்பிச்சிருக்காங்களே, இதுக்கு என்ன சொல்றேன்னு ஒருத்தர் கேக்கறார். வேண்டிக்கிட்டும் கடல்ல மூழ்கிப் போனவங்களோட படம் எங்கயும் மாட்டி வைக்கலையேன்னு டயகோரஸ் பதில் சொல்றார். கவனிங்க, இது கடவுள் இல்லைன்னு நிரூபிக்கலை. அந்த சுவர்ல தொங்கறது பாதி ஆதாரம்னு மட்டும்தான் காட்டுது. பொழைச்சவங்கதான் வந்து சொல்ல முடியும்.

இதே தராசை நாத்திகர் பக்கமும் பிடிக்கணும், இல்லைன்னா நானும் அதே தப்பை பண்ணினவன் ஆயிடுவேன். ஸ்டீபன் லாங்கற தத்துவக்காரர் 2010ல ஒரு சவால் வச்சார்: எல்லாம் வல்ல, ஆனா முழுக்க கொடூரமான ஒரு கடவுள் இருக்கார்னு யாராவது சொன்னா நம்புவீங்களா? மாட்டீங்க. ஏன்னா உலகத்துல சிரிப்பு இருக்கு, பாசம் இருக்கு, குழந்தையை கொஞ்சற அம்மா இருக்கா, அவ்ளோ கொடூரமானவன் இதையெல்லாம் விட்டு வச்சிருப்பானா? ஆனா அந்த கொடூர கடவுளை நம்பறவன் சுலபமா பதில் சொல்லுவான்: பாசம் இருந்தாதானே பிரிவு வலிக்கும், சுதந்திரம் இருந்தாதானே மனுஷன் மனசார கெட்டது பண்ண முடியும், மிச்சத்துக்கு அவர் காரணம் நமக்கு எட்டாது. நல்ல கடவுளுக்கு சொல்ற சமாதானம் ஒவ்வொண்ணும் கண்ணாடியில பாத்த மாதிரி இந்தப் பக்கமும் வரும். லா இதை நல்ல கடவுள் நம்பிக்கைக்கு எதிராத்தான் கொண்டு வந்தார். நான் இதுலேருந்து இன்னொண்ணும் எடுத்துக்கறேன். உலகத்துல இருக்கற நல்லதை வச்சு கொடூர கடவுளை தள்ளிடறோம்னா, நல்லது ஒரு ஆதாரம்னு நாம ஏற்கனவே ஒத்துக்கிட்டோம். அப்போ நாத்திகர் "நல்லதெல்லாம் கணக்குலயே வராது"ன்னு சொல்ல முடியாது, பக்தரும் "கெட்டதெல்லாம் கணக்குலயே வராது"ன்னு சொல்ல முடியாது.

சரி, ரெண்டையும் தராசுல போட்டா எந்தப் பக்கம் சாயுது? ஹியூம் செத்து 3 வருஷம் கழிச்சு, 1779ல வெளிவந்த அவரோட உரையாடல் நூல்ல நாலு சாத்தியம் வரும்: உலகத்தை உண்டாக்கினது முழுக்க நல்லது, முழுக்க கெட்டது, ரெண்டும் எதிரெதிரா மோதறது, இல்ல நல்லதையும் கெட்டதையும் பத்தி அக்கறையே இல்லாதது. நல்லது கெட்டது இவ்ளோ கலந்து கிடக்கறதால முதல் ரெண்டு இருக்க வழியில்ல, உலகம் ஒரே சீரான விதிகள்ல ஓடறதால மூணாவதும் சரியா படலை, நாலாவதுதான் பொருத்தம்னு அதுல வர்ற ஃபைலோங்கற பாத்திரம் சொல்லும். இதை இன்னைக்கு நமக்கு தெரிஞ்ச உயிரியலோட சேத்து 1989ல பால் டிரேப்பர்ங்கற தத்துவக்காரர் ஒரு வாதமா மாத்தினார், இந்த தலைப்புல எனக்கு தெரிஞ்ச வரைக்கும் ரொம்ப பலமான வாதம் அதுதான். அவர் வலி இருக்கறதை மட்டும் பாக்கலை, வலியும் சுகமும் எந்த ஒழுங்குல இருக்குன்னு பாத்தார்.

கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. சூடான பாத்திரத்துல கை பட்டா சுரீர்னு வலிக்குது, கையை எடுத்துடறோம், அந்த வலி நமக்கு உதவுது. பிறவியிலயே வலி தெரியாத சிலர் இருக்காங்க, அவங்க நாக்கை கடிச்சுக்கறதும் எலும்பு முறிஞ்சது தெரியாம நடக்கறதும்னு உடம்பு சேதமாகி ரொம்ப கஷ்டப்படறாங்க. ஆக "வலியே இல்லாத உலகம் வேணும்"னு கேக்கறது விவரம் தெரியாத கேள்விதான். ஆனா கணையத்துல வர்ற கேன்சரை எடுத்துக்கோங்க. ஆரம்பத்துல, கண்டுபிடிச்சா ஏதாவது பண்ண முடியும்ங்கற கட்டத்துல, பெரும்பாலும் சத்தமே காட்டாது. பரவி, பண்றதுக்கு ஒண்ணுமில்லாத கட்டத்துக்கு வந்த பிறகு பலருக்கு தாங்க முடியாத வலி. எச்சரிக்கை தேவைப்பட்ட நேரத்துல மணி அடிக்கலை, தேவையே இல்லாத நேரத்துல நிக்காம அடிக்குது. நரம்பு மண்டலம் உயிர் பொழைச்சு வம்சம் பெருக உதவற அளவுக்கு மட்டும் பரிணாமத்துல உருவானது, அதுக்கு மேல யாரும் அதை நம்ம நல்லதுக்காக சரி பண்ணி வைக்கலைன்னா, சரியா இப்படித்தான் இருக்கும்னு எதிர்பாப்போம். நம்ம மேல அக்கறை உள்ள ஒருத்தர் இதை திட்டம் போட்டிருந்தா இப்படி எதிர்பாப்போமா? கம்மியாத்தான் எதிர்பாப்போம். டார்வினுக்கு 1860லயே இது உறுத்தியிருக்கு, உயிரோட இருக்கற புழுவுக்குள்ள இருந்துக்கிட்டு அதை உள்ளேருந்தே தின்னு வளர்ற ஒரு குளவி இனத்தை, அன்பான கடவுள் வேணும்னே படைச்சிருப்பார்னு தன்னால ஒத்துக்க முடியலைன்னு ஆசா கிரேங்கற தாவரவியல் அறிஞருக்கு லெட்டர் எழுதினார், அந்த கிரே கடவுள் நம்பிக்கை உள்ளவர்.

உங்க ரெண்டாவது ஃபிரண்டுக்கும் நியாயம் பண்ணணும். "கடவுள் இருந்தா கெட்டது எங்கேருந்து, இல்லைன்னா நல்லது எங்கேருந்து"ன்னு போயித்தியஸ்ங்கற ரோம தத்துவக்காரர் 6ம் நூற்றாண்டுல, சிறையில மரணத்தை எதிர்பாத்துட்டு இருந்தப்போ எழுதின நூல்ல ஒரு கேள்வி வரும். ரெண்டாவது பாதியை நாத்திகர்கள் சீக்கிரமா தாண்டிடறாங்க. சொந்தக்காரங்களுக்கு உதவறதை உயிரியல் அறிஞர் ஹாமில்டன் 1964ல விளக்கின மாதிரி ஜீன் வழியா புரிஞ்சுக்கலாம், நாளைக்கு திருப்பி கிடைக்கும்னு உதவறதை டிரிவர்ஸ்ங்கற இன்னொரு உயிரியல் அறிஞர் 1971ல விளக்கினார், இதெல்லாம் நிஜமான விளக்கங்கள், "பரிணாமத்துல அன்பே வராது"ங்கறது இன்னைக்கு செல்லுபடி ஆகாத வாதம். ஆனா யார்னே தெரியாத, திருப்பி தரவே முடியாத ஆளுக்காக தன்னை அழிச்சுக்கறது, ஒரு ராகத்தை கேட்டு கண்ணுல தண்ணி வர்றது, உண்மையை உண்மைங்கறதுக்காகவே தேடி வாழ்க்கையை குடுக்கறது, இதெல்லாம் வேற ஒண்ணுக்காக வந்த திறமையோட உபரின்னு சொல்லிடலாம், சொல்றாங்க, ஆனா அது அவ்ளோ எளிசா முடியற பேச்சுன்னு எனக்கு தோணலை. அக்கறையில்லாத உலகத்துல இதெல்லாம் நடக்க வாய்ப்பு பூஜ்யம் இல்ல, ஆனா நல்ல கடவுள் இருக்கற உலகத்துல கொஞ்சம் கூடுதலா எதிர்பாப்போம். அதனால நல்லதுக்கும் எடை உண்டு. என் கணிப்புல பக்தர்கள் நினைக்கறதை விட கம்மி, நாத்திகர்கள் நினைக்கறதை விட ஜாஸ்தி.

நடுவுல ஒண்ணு, "கடவுளே இல்லைன்னா எதையும் கெட்டதுன்னு சொல்ல உனக்கு என்ன உரிமை"ன்னு ஒரு கேள்வி கட்டாயம் வரும். அது தனி விவாதம். துன்பத்தை வச்சு பேசற வாதத்துக்கு அது குறுக்க வராது, ஏன்னா கடவுள் நல்லவர், துன்பத்தை விரும்பாதவர்னு சொல்றது பக்தர்தான், அவர் சொல்ற கடவுள் இருந்தா உலகம் எப்படி இருக்கும்னு கேக்கறதுக்கு கேக்கறவர் தன்னோட அறக்கொள்கையை நிரூபிச்சுட்டு வரணும்னு இல்ல.

சமாதானங்கள்ல எது எவ்ளோ தூரம் போகும்னும் சொல்லிடறேன். சுதந்திரம்ங்கற பதில் மனுஷன் மனுஷனுக்கு பண்ற கொடுமைக்கு ஓரளவு பொருந்தும். 1755 நவம்பர் 1ம் தேதி லிஸ்பன்ல வந்த பூகம்பத்துக்கு பொருந்தாது, அன்னைக்கு எல்லா புனிதர்களோட திருநாள், ஜனங்க சர்ச்ல கூடியிருந்த காலை நேரம், முதல்ல பூகம்பம், பின்னாடியே கடல் பொங்கி வந்துச்சு, அப்புறம் நாள்கணக்கா தீ. கஷ்டம்தான் மனுஷனை பக்குவப்படுத்துதுங்கற பதிலை ஜான் ஹிக்ங்கற கிறிஸ்தவ சிந்தனையாளர் 1966ல பெரிய புத்தகமாவே எழுதினார், அதுலயும் நிஜம் இருக்கு, தைரியமும் இரக்கமும் ஆபத்தே இல்லாத உலகத்துல வளராது. ஆனா பிறந்த சில மணி நேரத்துல செத்துப் போற குழந்தை எதுல பக்குவப்படுது? ஹிக்கே இந்த ஜென்மத்துல இது முடியாது, சாவுக்கு அப்புறமும் பயணம் தொடரணும்னுதான் சொல்றார். அதாவது பதிலை காப்பாத்த, இங்கேருந்து சரிபாக்க முடியாத இன்னொண்ணை சேத்துக்க வேண்டியிருக்கு. சேத்துக்கறது தப்பில்ல, ஆனா அப்படி சேக்கற ஒவ்வொண்ணுக்கும் தனி ஆதாரம் வேணும், இல்லைன்னா மொத்த கருத்தும் பலவீனம் ஆயிட்டே போகும்.

கர்மா பத்தி நீங்க கேக்கலை, ஆனா நம்ம மொழியில இதை பேசும்போது அதை விட்டுட்டு போக முடியாது. "ஓரில் நெய்தல் கறங்க"ன்னு ஆரம்பிக்கற புறநானூறு 194ம் பாட்டுல, ஒரு வீட்ல சாவுப்பறை கேக்குது, இன்னொரு வீட்ல கல்யாண முழவு, ஒரு பக்கம் சேந்தவங்க பூ வச்சிருக்காங்க, ஒரு பக்கம் பிரிஞ்சவங்க கண்ணுல தண்ணி. இதை பாத்த பக்குடுக்கை நன்கணியார் "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்"னு படைச்சவனையே திட்டறார். பிச்சை எடுத்துத்தான் ஒருத்தன் வாழணும்னா இந்த உலகத்தை இயற்றினவன் அலைஞ்சு கெட்டுப் போகட்டும்னு வள்ளுவர் 1062ம் குறள்ல சொல்றார். ரெண்டு பேரும் துன்பத்தை பாத்து, படைச்சவன் இல்லைங்கற முடிவுக்கு போகலை, அவன் எப்படிப்பட்டவன்ங்கற கேள்விக்குத்தான் போறாங்க. துன்பம் எந்த கடவுளுக்கு எதிரான சாட்சிங்கறது, கடவுள்னு நீங்க யாரை சொல்றீங்கங்கறதை பொறுத்தது. முழுக்க நல்லவர், எல்லாம் வல்லவர், எல்லாத்தையும் சூனியத்துலேருந்து படைச்சவர்னு மூணும் சொன்னா சாட்சி ரொம்ப வலுவா எதிர்ல நிக்கும். சைவ சித்தாந்தத்துல உயிரும், அதை மறைக்கற அழுக்கான ஆணவ மலமும் கடவுள் உண்டாக்கினது இல்ல, அதுங்களும் அனாதி, அதாவது ஆரம்பம் இல்லாதது, அவர் அதுலேருந்து உயிரை விடுவிக்கத்தான் உடம்பையும் உலகத்தையும் குடுக்கறார், அதனால அங்க மூணாவது நிபந்தனை ஏற்கனவே தளர்ந்து போயிருக்கு, வாதத்தோட வேகமும் குறையும். அந்த அளவுக்கு அது புத்திசாலித்தனமான அமைப்புன்னு நான் நினைக்கறேன்.

வேதாந்தத்தோட அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்துல ரெண்டாவது அத்தியாயத்துல இந்த கேள்வி நேராவே வருது: ஒருத்தனை சுகமாவும் ஒருத்தனை கஷ்டத்துலயும் வச்சா கடவுள் பாரபட்சம் உள்ளவர், இரக்கம் இல்லாதவர்னு ஆகாதா? ஆகாது, அவர் அவங்கவங்க கர்மாவை பாத்துத்தான் குடுக்கறார்னு பதில். முதல் கர்மா எங்கேருந்து வந்துச்சுன்னா, ஆரம்பமே இல்லைன்னு பதில். நியாயம்ங்கற தர்க்க மரபைச் சேந்த உதயணர் இதையே கடவுளுக்கு ஆதாரமா திருப்பினார், கர்மா அறிவில்லாதது, சரியா பலன் குடுக்க ஒரு அறிவுள்ளவர் வேணும்னார். ஆனா அதே கர்மாவை ஏத்துக்கிட்ட சமணமும் பௌத்தமும் படைச்ச கடவுள் தேவையில்லைன்னுதான் சொல்லுச்சு. வேதச் சடங்கை முக்கியமா வச்ச மீமாம்சை மரபுல குமாரில பட்டர் இன்னும் நேரா கேட்டார், இரக்கத்தால படைச்சார்னா, படைக்கறதுக்கு முன்னாடி இரக்கப்பட அங்க யார் இருந்தா, இரக்கம்னா சுகமா இருக்கற உயிர்களை மட்டும்தானே படைச்சிருப்பார்? இதுலேருந்து எனக்கு நிச்சயமா தெரியறது ரெண்டு. கர்மா உண்மைன்னே வச்சுக்கிட்டாலும் அது மட்டும் கடவுளுக்கு ஆதாரம் ஆயிடாது. அப்புறம், யாருக்கு என்ன நடந்தாலும் "போன ஜென்மத்து வினை"ன்னு பொருந்திப் போற விளக்கத்துக்கு, நடந்த எதுவுமே புதுசா பலம் சேக்காது, ஏன்னா நடக்காம இருந்திருந்தாலும் அது பொருந்தியிருக்கும். இதோட சேத்து ஒரு வருத்தமும் எனக்கு உண்டு, இந்த விளக்கம் கஷ்டப்படறவன்கிட்டயே குத்தத்தை கொண்டு போய் நிறுத்திடுது, தத்துவத்துல இல்லைன்னாலும் நடைமுறையில அப்படித்தான் ஆயிடுது.

ஆக எனக்கு உறுதியா தெரியறது: துன்பம் முரண்பாட்டை நிரூபிக்கலை, நல்லதும் கெட்டதும் ரெண்டும் சாட்சி ஆகத் தகுதி உள்ளது, ஒண்ணை மட்டும் எண்ணறது தப்பு. ஓரளவு நம்பிக்கையோட சொல்றது: வலி எந்த ஒழுங்குல பரவியிருக்குங்கறது, முழுக்க நல்ல, எல்லாம் வல்ல கடவுளை விட அக்கறையில்லாத உலகத்தோடதான் நல்லா பொருந்துது, நல்லது இருக்கறது அந்த எடையை குறைக்குது, முழுசா சமன் பண்ணலை. சந்தேகமா விடறது: எத்தனை மடங்குன்னு. அந்த நம்பரை நேர்மையா போட யாராலயும் முடியாது, ஏன்னா எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் என்ன பண்ணுவார்னு நாம எதிர்பாக்கறதே மங்கலான எதிர்பார்ப்பு. அதோட இது ஒரே ஒரு சாட்சி. உலகம் ஏன் இருக்கு, ஏன் விதிகளோட இருக்கு, அறிவுங்கறது ஏன் வந்துச்சு, மனுஷங்களோட அனுபவங்கள்னு வேற சாட்சிகள் இருக்கு, அதையெல்லாம் நான் இங்க தொடவே இல்ல.

கடைசியா நீங்க கேட்ட இன்னொரு கேள்வி, துக்கத்துல இருக்கறவங்ககிட்ட இதை பேசலாமாங்கறது. பேசாதீங்க, அவங்க கேட்டா தவிர. பைபிள்ல யோபு கதையில, எல்லாத்தையும் இழந்து உக்காந்திருக்கறவன்கிட்ட அவனோட ஃபிரண்டுங்க வந்து நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பேன்னு அத்தியாயம் அத்தியாயமா விளக்கறாங்க, முடிவுல கடவுள் கோவப்படறது கடவுளையே கேள்வி கேட்ட யோபு மேல இல்ல, கடவுளுக்காக வாதாடின அந்த ஃபிரண்டுங்க மேலதான். நாத்திக விளக்கத்துக்கும் இது பொருந்தும், பிள்ளையை பறிகொடுத்தவங்களுக்கு அவங்க பிள்ளை ஒரு வாதத்துல வர்ற உதாரணம் இல்ல.

உங்க ரெண்டு ஃபிரண்டும் இதை படிச்சா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மான்குட்டி உதாரணத்தை குடுத்த ரோ நாத்திகர்தான், ஆனா அதே கட்டுரையிலயே, தன் வாதம் சரியா இருந்தும்கூட கடவுளை நம்பற ஒருத்தர் அறிவுக்கு பொருத்தமாவே நம்பிட்டு இருக்கலாம், ஏன்னா அவர் கையில வேற காரணங்கள் இருக்கலாம்னு எழுதினார். பக்தர் பக்கம் இருந்தும் "ஆமா, இந்த ஒரு விஷயம் எனக்கு எதிராத்தான் நிக்குது, வேற காரணங்களால நான் நம்பறேன்"னு சொல்ல முடியும், அப்படி சொல்ற ஆட்கள் இருக்காங்க. முதல் ஃபிரண்ட் "இதுவே நிரூபணம்"ங்கறதை "இது கனமான சாட்சி"ன்னு மாத்திக்கணும், ரெண்டாவது ஃபிரண்ட் தான் பாத்த தியாகத்தோட அந்த குழந்தையோட கேன்சரையும் அதே நோட்டுல எழுதணும். அதுக்கு அப்புறமும் அவங்களுக்குள்ள வித்தியாசம் மிச்சம் இருக்கும், அது இந்த உலகத்தை பாக்கறதுக்கு முன்னாடி அவங்க எங்கேருந்து ஆரம்பிச்சாங்கங்கற வித்தியாசம், அதை பத்தி வேணும்னா தனியா கேளுங்க, எழுதறேன்.